ஆறு வாசல் குரு தோற்ற கதை

யூன்கு பள்ளத்தாக்கில் நெல் காயப்போடும் களம் ஒன்று இருந்தது. நெடுஞ்சாலை வந்த பிறகு அதற்குச் சிமெண்டு பூசி, வெள்ளைக் கோடு போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.

விடியற்காலையில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கார்களுக்கு நடுவே நின்று ஆறு வாசல் பயிற்சி செய்வார்கள். ஆறு வாசல் என்பது அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய குங்ஃபூ முறை; அதன் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றும் ஒரு வாசல். மலைக்கு அந்தப் பக்கம் போனால் அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தவர் ஷென் தாவ்ஹெங். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பகலில் பம்புசெட் பழுது பார்ப்பார். அவர் கைகளில் எப்போதும் கிரீஸ் வாசனை இருக்கும். அதிகம் பேசமாட்டார். மாணவர்கள் தவறு செய்தால் அருகில் போய் நிற்பார். அவர்கள் தாங்களே கண்டுபிடிக்கும் வரை நிற்பார்.

அவருடைய மாணவர்களில் மூத்தவள் லான்ஃபென். அவரைவிடப் பத்து வயது இளையவள். சரிவில் அவளுக்கு ஒரு பீச் தோட்டம் இருந்தது. கணவன் தூரத்துக் கடற்கரை நகரத்தில் கப்பல் கட்டும் வேலையில் இருந்தான். புத்தாண்டுக்கு வருவான், போவான். தோட்டம், வீடு, ஆறு வாசல், இந்த மூன்றுக்குள் அவள் நாட்கள் ஓடின.

லான்ஃபென் தன் பழங்களைக் கைபேசியில் நேரலை செய்து விற்றாள். மரத்தடியில் கைபேசியை ஒரு குச்சியில் பொருத்தி வைத்து, பழத்தை அறுத்துக் காட்டுவாள். சாறு வழியும்போது, "பாருங்கள், பாருங்கள்" என்பாள். நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் எல்லாத் தோட்டத்திலிருந்தும் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

ஒருநாள் காலை, குருவிடம் கேட்டாள்.

"குருவே, நீங்கள் பயிற்சி செய்வதை இதில் காட்டட்டுமா?"

"யார் பார்ப்பார்கள்?"

"பழம் வாங்குகிறவர்கள்."

"பழம் வாங்குகிறவர்களுக்கு இது எதற்கு?"

"சும்மா பார்ப்பார்கள், குருவே."

அவர் தோளைக் குலுக்கினார். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஷென் தாவ்ஹெங் ஆறு வாசலைத் தொடங்கி முடிக்கும் வரை பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். தண்ணீருக்குள் துணி அசைவதுபோல இருக்கும். பின்னால் பனிமூட்டமும் மலையும். நிறையப் பேர் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் லான்ஃபெனின் பழம் தீர்ந்துபோனது. அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தையும் சேர்த்து விற்றாள்.

விருந்தினர் விடுதி நடத்திய வாங், தன் வாசலில் குருவின் பெரிய படம் ஒன்றை மாட்டினார். மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. வார இறுதியில் நகரத்திலிருந்துகூடச் சிலர் வந்தார்கள்.

குரு ஒருமுறை கேட்டார்.

"பார்க்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்?"

"பழம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள்."

"இதைப் பற்றி?"

லான்ஃபென் சிரித்தாள். "சண்டைக்கு இது உதவுமா என்று கேட்கிறார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"என் குருவின் முன்னால் ஒருவனும் நிற்க முடியாது என்று சொன்னேன்."

"நான் சண்டை போட்டு நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

"நானும் பார்த்ததில்லை" என்றார் அவர். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று லான்ஃபென் நினைத்தாள்.

•

மாவட்டத் தலைநகரில் புதிதாக ஒரு சண்டைப் பயிற்சிக்கூடம் திறந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவர், கயிறு கட்டிய மேடை, கையுறை போட்ட இளைஞர்கள். அங்கே தெங் ஹாவ் என்று ஒருவன் இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அந்த மாவட்டத்தில் அவனை யாரும் வென்றதில்லை.

ஒருநாள் லான்ஃபென் நேரலையில் இருக்கும்போது, அந்தக் கூடத்தின் முதலாளி தன் கைபேசியிலிருந்து அதில் இணைந்து பேசினான். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்கள் குரு நன்றாக ஆடுகிறார்."

"அது ஆட்டம் இல்லை."

"அப்படியென்றால் எங்கள் தெங் ஹாவின் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பழத்தோடு சேர்த்து ஆட்டத்தையும் விற்கலாம், தப்பில்லை."

திரையில் சிரிப்புக் குறிகள் மழைபோல ஓடின.

லான்ஃபென் கையில் பாதி அறுத்த பீச் இருந்தது. கத்தி இருந்தது. முகம் சூடேறியது.

"வருவார்" என்றாள்.

"எப்போது?"

"நீங்களே சொல்லுங்கள். எப்போது சொன்னாலும் வருவார்."

கைபேசியை அணைத்த பிறகுதான், தான் யார் பெயரில் பேசினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

குருவின் பட்டறைக்குப் போனாள். ஷென் தாவ்ஹெங் ஒரு பம்பைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தேய்மானம் பார்த்தார்.

"என் பெயரிலா சொன்னாய்?"

"ஆமாம், குருவே."

"என்னைக் கேட்காமல்?"

அவள் தலைகுனிந்தாள். "நான் இப்போதே மறுத்துவிடுகிறேன். குருவுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அவமானம் எனக்குத்தான், உங்களுக்கு இல்லை."

"அந்தப் பையன் பெயர் என்ன?"

"தெங் ஹாவ்."

"அவன் கேட்டது நியாயமான கேள்வி."

"கேட்டது அவன் இல்லை, அவன் முதலாளி."

"யார் கேட்டால் என்ன. இளம் வயதில் நானே என் குருவிடம், இது சண்டைக்கு உதவுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் அவரும் கேட்டிருக்கமாட்டார்." வளையத்தைத் துணியில் துடைத்தார். "வழுக்காத செருப்பு ஒன்று வாங்க வேண்டும்."

லான்ஃபெனுக்கு அழுகை வந்தது. அது நிம்மதியால் வந்தது என்றுதான் அப்போது அவள் நினைத்தாள்.

"நீங்கள் ஜெயிப்பீர்கள்" என்றாள்.

அவர் பம்பின் மூடியை எடுத்தார். "அந்த ஸ்பானரைக் கொடு."

•

பேருந்தில் போனார்கள். மாணவர்கள் எல்லாரும் வந்தார்கள். வாங் தன் விடுதியின் பெயர் அச்சிட்ட சட்டையைக் குருவுக்குக் கொடுத்திருந்தார். ஷென் தாவ்ஹெங் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். போடவில்லை. தன் பழைய நீலச் சட்டையில்தான் இருந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும், ஜன்னல் வழியே கீழே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"மேலிருந்து நான் இதைப் பார்த்ததே இல்லை" என்றார்.

கூடம் நிரம்பியிருந்தது. லான்ஃபென் மேடைக்குப் பக்கத்தில் கைபேசியைப் பொருத்தி நேரலையைத் தொடங்கினாள். பழம் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

தெங் ஹாவ் உயரமாக இருந்தான். முகத்தில் கேலி எதுவும் இல்லை. அவன் சற்றுக் கூச்சப்படுவதுபோலக்கூடத் தெரிந்தது.

ஷென் தாவ்ஹெங் நடுவே போய், வலது கையை முஷ்டியாக்கி, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து வணங்கினார். தெங் ஹாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையுறையை நீட்டி அவர் கைகளைத் தொட்டான். சிலர் சிரித்தார்கள்.

மணி அடித்தது.

குரு ஐந்தாம் வாசலின் அசைவோடு முன்னால் வந்தார். அவர் கால்கள் அழகாக நகர்ந்தன. லான்ஃபெனின் நெஞ்சு பெருமையில் விம்மியது. தெங் ஹாவ் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அவன் இடது கை வளைந்து வந்தது. குருவின் முகத்தில் வலது பக்கம் விழுந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். விழுந்ததுபோலக்கூட இல்லை. களைத்துப்போனவர் உட்காருவதுபோல உட்கார்ந்தார்.

கூடம் ஓவென்று கத்தியது.

அவர் எழுந்தார். நடுவர் விரல்களைக் காட்டி ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். மறுபடியும் நின்றார்.

மறுபடியும் அதே கை. அதே இடம்.

இந்த முறை அவர் சுழன்று விழுந்தார். வலது தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஈரத்துணியை உதறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. லான்ஃபென் அதை மேடைக்குக் கீழிருந்தே கேட்டாள்.

தெங் ஹாவ்தான் முதலில் மண்டியிட்டான். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி அவரைத் தூக்கினான். "ஐயா, அசையாதீர்கள், ஐயா" என்றான்.

ஷென் தாவ்ஹெங் எழுந்து நின்றார். வலது கை தொங்கியது. அவர் குனிந்து, இடது உள்ளங்கையைத் தொங்கும் அந்த முஷ்டியின்மேல் வைத்தார். அப்படியே வணங்கினார். கூட்டத்தில் யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். தெங் ஹாவ் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

நேரலை ஓடிக்கொண்டேயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் லான்ஃபென் அதை அணைத்தாள்.

•

தோளில் தசைநாரும் தசையும் கிழிந்திருந்தன. தைத்தார்கள். ஓரளவுக்குச் சரியாகும் என்றார் மருத்துவர். எந்த அளவுக்கு என்று கேட்டதற்கு, சாப்பிடலாம், எழுதலாம் என்றார்.

கூடத்து முதலாளி அந்தக் காட்சிக்குப் பாட்டு சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டான். மெதுவாக ஓடவிட்டான். பின்னோக்கி ஓடவிட்டான். பள்ளத்தாக்கில் பிள்ளைகள், களைத்தவர்போல உட்காருவதை விளையாட்டாகச் செய்தார்கள்.

மாணவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது. யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

ஒருநாள் லான்ஃபென் குருவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, விடுதி வாசலில் வாங் நாற்காலி போட்டு ஏறி நின்று குருவின் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே ஷென் தாவ்ஹெங் நின்றிருந்தார். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் இருந்தது. இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலையில் இருக்கிற திருகு துருப்பிடித்திருக்கும்" என்றார் குரு. "கொஞ்சம் எண்ணெய் விட்டால் வரும்."

வாங் கீழே பார்க்கவே இல்லை. "தப்பாக நினைக்காதீர்கள், ஷென் அண்ணா. விருந்தாளிகள் கேலி பேசுகிறார்கள்."

"எண்ணெய் விடு. இழுக்காதே. சுவர் பெயர்ந்துவிடும்."

லான்ஃபெனால் அங்கே நிற்க முடியவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள்.

அவள் நேரலையை நிறுத்திவிட்டாள். பழங்களை லாரிக்காரரிடம் வந்த விலைக்குக் கொடுத்தாள். காலையில் மட்டும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். தனியாக ஆறு வாசலைத் தொடங்கி முடித்தாள். யாராவது கார் எடுக்க வந்தால் நிறுத்திவிட்டு, அவர்கள் போகும் வரை காத்திருந்தாள்.

செய்யும்போதெல்லாம் ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. இது பொய்யா? இத்தனை வருடமும் பொய்யைத்தான் செய்துகொண்டிருந்தேனா? அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை அவள் தன்னிடம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, ஷென் தாவ்ஹெங் வந்தார். தூளி இல்லை. வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். அவளருகில் நின்று இடது கையால் மட்டும் பயிற்சியைத் தொடங்கினார். வலது கை செய்ய வேண்டிய இடம் வரும்போது நிறுத்தி அவளைப் பார்ப்பார். அவள் வலது கையால் அதைச் செய்வாள். அவர் தொடர்வார்.

அப்படியே பல நாள் போயின. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பயிற்சியைச் செய்தார்கள்.

•

குளிர் தொடங்கியிருந்தது. ஒரு காலை, மோட்டார் சைக்கிள் ஒன்று வெள்ளைக் கோடுகளுக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். தெங் ஹாவ்.

கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் இருந்தது.

லான்ஃபென் அவன் குறுக்கே போய் நின்றாள்.

"எதற்கு வந்தாய்?"

"ஐயாவைப் பார்க்க."

"பார்த்தது போதாதா? இன்னும் எத்தனை முறை போட்டுக் காட்டுவீர்கள்?"

"அதைப் போட்டது நானில்லை, அக்கா. நான் அந்தக் கூடத்தை விட்டு வந்துவிட்டேன்."

"அவர் தோள் வந்துவிடுமா?"

பின்னாலிருந்து ஷென் தாவ்ஹெங், "ஆரஞ்சு கீழே விழப்போகிறது. வாங்கி வை" என்றார்.

அவள் பையை வாங்கி ஒரு காரின் மேல் வைத்தாள்.

தெங் ஹாவ் குருவின் முன்னால் வந்தான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"அன்று நீங்கள் எனக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னீர்கள். கை போன பிறகும் சொன்னீர்கள். எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

ஷென் தாவ்ஹெங் தன் வலது கையை இடது கையால் தூக்கி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தார்.

"வலது, முஷ்டி. இடது, அதை மூடும் கை. கட்டைவிரலை நிமிர்த்தாதே, மடக்கு. ஆமாம். இப்போது குனி. இவ்வளவு போதும்."

தெங் ஹாவ் குனிந்தான். குருவும் குனிந்தார். இருவரும் அப்படியே சற்று நேரம் இருந்தார்கள். லான்ஃபென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிமிர்ந்ததும் குரு சொன்னார். "இப்போது நான் கேட்கிறேன். எனக்கு நீ காட்டு."

"எதை, ஐயா?"

"அந்த அடியை."

தெங் ஹாவ் திகைத்தான். லான்ஃபென் திரும்பினாள். "குருவே!"

"இரண்டு தடவையும் அதே அடி" என்றார் குரு, அவளைப் பார்க்காமல். "இரண்டு தடவையும் அதே இடம். ஏன்?"

"திறந்திருந்தது, ஐயா."

"எது?"

"இது." அவன் தன் வலது கன்னத்தையும் காதையும் தொட்டுக் காட்டினான். "நீங்கள் முன்னால் வரும்போது வலது கையைக் கீழே இறக்குகிறீர்கள். இடுப்புக்கு. முதல் தடவை, வேண்டுமென்றே இறக்குகிறீர்கள், ஏதோ வலை விரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். பயந்துகொண்டேதான் அடித்தேன்."

"வலை இல்லை" என்றார் ஷென் தாவ்ஹெங்.

"தெரிந்துகொண்டேன், ஐயா."

"மெதுவாகக் காட்டு."

தெங் ஹாவ் இடது கையை மெதுவாக வளைத்துக் கொண்டுவந்தான். குருவின் கன்னத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். குரு தலையை அசைக்காமல் அந்தக் கையையே பார்த்தார்.

"மறுபடியும்."

மறுபடியும் காட்டினான்.

"மறுபடியும்."

சூரியன் மலைக்கு மேலே வந்தது. யாரோ வந்து ஒரு காரை எடுத்துக்கொண்டு போனார்கள். இவர்கள் தள்ளி நின்று வழிவிட்டுவிட்டு மீண்டும் தொடர்ந்தார்கள். தெங் ஹாவ் சலிக்காமல் காட்டினான். தோற்றவர் கேட்டுக்கொண்டேயிருந்தார், வென்றவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். லான்ஃபெனுக்கு ஒவ்வொரு தடவையும் அந்தக் கை தன் கன்னத்தில் விழுவதுபோல இருந்தது.

கடைசியில் குரு கேட்டார். "அந்தக் கை எங்கே இருந்திருந்தால் நீ அடித்திருக்க முடியாது?"

தெங் ஹாவ் குருவின் வலது முழங்கையைத் தொட்டான். "தூக்கட்டுமா?"

"தூக்கு."

அவன் தூக்கினான். நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. குருவின் நெற்றியில் வியர்வை பூத்தது. தெங் ஹாவ் சட்டென்று விட்டுவிட்டான்.

"மன்னியுங்கள், ஐயா."

"காது வரையா?"

"ஆமாம். காதை மூடுகிற மாதிரி."

குருவின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "ரொம்ப நன்றி, தம்பி" என்றார். ஆரஞ்சுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து, இடது கையால் அவனிடமே கொடுத்தார். "குளிரில் வண்டி ஓட்ட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போ."

அவன் அதை நின்றபடியே உரித்துத் தின்றான். கிளம்பும்முன் மறுபடியும் வணங்கினான். கட்டைவிரலைச் சரியாக மடக்கியிருந்தான்.

•

மோட்டார் சைக்கிள் சத்தம் நெடுஞ்சாலைப் பக்கம் போய்க் கரைந்தது.

"ஐந்தாம் வாசலைச் செய்" என்றார் குரு.

லான்ஃபென் செய்யத் தொடங்கினாள். முன்னால் காலெடுத்து வைத்தாள். வலது கையை வளைத்து, ஒரு துணியை நழுவவிடுவதுபோலக் கீழே இறக்கினாள். கைபேசியில் பார்த்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தைத்தான் மிகவும் ரசித்தார்கள்.

"நில்."

நின்றாள்.

"இந்த அசைவுக்கு என்ன பெயர்?"

அவள் யோசிக்காமல் சொன்னாள். மாணவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் பெயர்தான். "காது மூடும் கை."

"உன் கை எங்கே இருக்கிறது?"

லான்ஃபென் குனிந்து பார்த்தாள். கை இடுப்பருகில் இருந்தது.

அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். இத்தனை வருடமும் அந்தப் பெயரை வாயால் சொல்லிக்கொண்டே அந்தக் கையை இடுப்புக்குத்தான் இறக்கியிருக்கிறாள். புதிதாக வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"யார் இறக்கினார்கள், குருவே?"

"தெரியாது. என்னிடம் வரும்போதே கீழேதான் இருந்தது. அழகாக இருந்தது. அதனால் நான் கேட்கவில்லை."

அவர் அவள் பின்னால் வந்து நின்றார். இடது கையால் அவள் வலது முழங்கையைப் பிடித்து உயர்த்தினார். முஷ்டி காதருகே வந்து நின்றது. அசைவு முன்புபோல அழகாக இல்லை. தோள் குறுகி, அடி வாங்கப் பயந்து நிற்பவளைப்போல இருந்தாள்.

"இப்படித்தானா?"

"இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்" என்றார். "நடந்து பார்."

நடந்து பார்த்தாள். அவரும் பக்கத்தில் காலெடுத்து வைத்தார். அந்த இடம் வந்தபோது தன் வலது கையை உயர்த்த முயன்றார். அது நெஞ்சுக்கு வந்து நின்றது. நடுங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். மெதுவாக இறக்கிவிட்டார்.

லான்ஃபெனால் அதற்குமேல் முடியவில்லை. சிமெண்டுத் தரையில் மண்டியிட்டாள்.

"உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது நான். நேரலையில் சிரித்தார்கள் என்று ரோஷத்தில் கொடுத்தேன். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாணவர்கள் இருந்திருப்பார்கள். வாங்கின் வாசலில் உங்கள் படம் இருந்திருக்கும். உங்கள் கை நன்றாக இருந்திருக்கும், குருவே."

ஷென் தாவ்ஹெங் அவளருகே குந்தினார். எழுந்திரு என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தொங்கிய வலது கையை எடுத்து, யாரோ கொடுத்துவைத்த பொருளை வைப்பதுபோலத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாம்" என்றார். "நன்றாக இருந்திருக்கும்."

லான்ஃபென் நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழேயே இருந்திருக்கும்."